ஓசையை அடைக்கும் பொறியாளர்

சிமென்ட் தரையில் ஓர் ஒலிபெருக்கியை வைத்து, ஓடும் நீரின் சலசலப்பை ஒலிக்கவிட்டால் என்ன ஆகும்? அருகில் அணை கட்டும் விலங்கான பீவர் இருந்தால், குச்சிகளை இழுத்து வந்து அந்த ஒலிபெருக்கிக்கே அணை போடும். 1960-களில் ஸ்வீடன் விலங்கியலாளர் லார்ஸ் வில்சன் பீவர்களை வளர்த்து இப்படிப் பல சோதனைகள் செய்தார். அணையையே கண்டிராத இளம் பீவர்களுக்கும் கட்டத் தெரிந்திருந்தது. வித்தை பிறவியிலேயே வருகிறது. அதைத் தூண்டிவிடும் விசை பெரும்பாலும் காதில் இருக்கிறது.

எலிக்கும் அணிலுக்கும் உறவான இந்தக் கொறிவிலங்கு 20 முதல் 30 கிலோ எடை வரை வளரும். முன்பற்கள் ஆரஞ்சு நிறம். காரணம், பற்சிப்பியில் கலந்திருக்கும் இரும்பு. முன்பக்கம் கடினம், பின்பக்கம் மென்மை. பின்பக்கம் சீக்கிரம் தேய்வதால், கடிக்கக் கடிக்கப் பல் தானே தீட்டிக்கொள்கிறது.

அதைவிட வியப்பு அதன் ரோமம். வெளியே நீண்ட, முரட்டுக் காவல்முடி. அடியில் பஞ்சுபோன்ற உள்முடி. வயிற்றுப் பகுதியில் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 23,000 முடிகள். நம் தலையில் மொத்தமே ஏறத்தாழ ஒரு லட்சம்தான். ஆக, ஓர் அஞ்சல்தலை அளவுத் தோலில் நம் முழுத் தலைமுடியையும்விட அதிகம்! இந்த அடர்த்திக்குள் சிறைப்படும் காற்று, பனிக்கட்டி நீரிலும் உடலைக் கதகதப்பாக வைக்கிறது. முடியைக் கோதிவிட, பின்காலின் ஒரு விரலில் பிளந்த நகமே சீப்பாக அமைந்திருக்கிறது.

இந்த உள்முடியே அதற்கு எமனாயிற்று. ஒவ்வொரு இழையிலும் நுண்ணிய செதில்கள் உண்டு. இழைகளை அமுக்கிக் கசக்கினால் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு, மழையிலும் வடிவம் கெடாத கெட்டித் துணியாக இறுகிவிடும். ஐரோப்பியக் கனவான்களின் தொப்பிக்கு வேறென்ன வேண்டும்? 1670-இல் தொடங்கிய ஹட்சன் பே கம்பெனி இந்தத் தோலை நம்பியே பெருவணிகமாக வளர்ந்தது. கோடிக்கணக்கில் இருந்த பீவர்கள், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிவின் விளிம்புக்கு வந்தன. அதே விலங்கைத்தான் 1975-இல் கனடா தன் தேசியச் சின்னமாகச் சட்டம்போட்டு அறிவித்தது.

வேட்டை குறைந்ததும் பீவர்கள் திரும்பின. காட்டுக்கு மட்டுமா? 2010 குளிர்கால ஒலிம்பிக் வீரர்களுக்காக வான்கூவரில் எழுந்த குடியிருப்பை ஒட்டிய ஹிஞ்ச் பூங்காவிலும் குடியேறின. பல இடங்களில் தொல்லையும் கூடவே வந்தது: மரங்கள் சாய்ந்தன, அணைகளில் தேங்கிய நீர் குளமாகிச் சாலைகளில் ஏறியது. பொறிவைத்துப் பிடித்தால் தீருமா என்றால், தீராது. சுமார் இரண்டு வயதில் இளம் பீவர்கள் தாய்வீட்டை விட்டு இடம் தேடிக் கிளம்பும். காலியான நல்ல குளம் எத்தனை நாள் சும்மா கிடக்கும்?

அணையை உடைத்தாலோ, இன்னும் மோசம். உடைப்பில் பாயும் நீரின் ஓசையே வேலைக்கு அழைப்பு. பெரும்பாலும் அன்றிரவே பீவர் அதை அடைத்துவிடும்.

இங்கேதான் 'நீர்மட்டக் குழாய்' வருகிறது. குளத்து நீரை அணை வழியே சத்தமில்லாமல் வெளியேற்றும் எளிய அமைப்பு இது. பருத்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அணையின் ஊடே செலுத்துகிறார்கள். அதன் வாய் அணையருகே இல்லை. பல மீட்டர் தள்ளி, குளத்தின் நடுவே, நீருக்கடியில் இருக்கிறது. நீர் ஒழுகுமிடத்தை பீவர் தேடுவது அணையில், ஒழுகுவதோ வேறெங்கோ! ஓசையை மட்டுமல்ல, நீரின் இழுப்பையும் அது உணரும். அதனால் குழாயின் வாயைச் சுற்றி அகன்ற கம்பிவலைக் கூண்டு. நீர் எல்லாப் பக்கமிருந்தும் மெல்ல நுழைவதால் இழுப்புத் தெரியாது.

அணையில் குழாயை எந்த உயரத்தில் பதிக்கிறோமோ, ஏறத்தாழ அந்த உயரத்தில் குளம் நிற்கும். சாலை நனையாது, பீவர் வீட்டின் நீரடி வாசலும் மூழ்கியே இருக்கும். அந்த வாசல் வெளியே தெரிந்துவிட்டால் ஓநாய்க்கு வழி திறந்ததுபோல்தான், ஆகவே குளத்தை அடியோடு வடித்துவிடக் கூடாது. மரங்களைக் காக்க இன்னும் சுலபம்: அடிமரத்தைச் சுற்றி, சற்று இடைவெளிவிட்டு, ஆளின் இடுப்புயரத்துக்குக் கம்பிவலை.

குழாயைப் பொருத்த ஓரிருவருக்கு ஒரு நாள் போதும். பிறகு ஆண்டுக்கு ஓரிரு முறை கூண்டில் சேரும் குப்பையை அகற்றினால் பல ஆண்டுகள் உழைக்கும்.