பேரவைப் பதவிக்கு வந்த பின் என்ன வேலை?

தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 2024 மார்ச்சில் மாணவர் பேரவைத் தேர்தல் நடந்தது. பிகார் மாநிலம் கயாவைச் சேர்ந்த தலித் ஆய்வு மாணவர் தனஞ்செய் 2,598 வாக்குகள் பெற்றுத் தலைவரானார். 1996-ல் பத்திலால் பைரவா வென்ற பின், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அந்தப் பதவிக்கு தலித் மாணவர் யாரும் வந்ததில்லை.

அதே தேர்தலில் பொதுச் செயலாளராக வென்றவர் பிரியான்ஷி ஆர்யா. பிர்சா அம்பேத்கர் பூலே மாணவர் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண். நம் ஊர்ப் பேச்சில் தலைவர் பதவிதான் பெரிது. ஆனால் ஒரு பேரவை உயிரோடு இருப்பது செயலாளரின் கையில்தான் என்பேன்.

மேடையிலும் துணைவேந்தர் அறையிலும் பேசுபவர் தலைவர். கூட்டத்தைக் கூட்டுவதும், பேசியதைப் பதிவு செய்வதும், மனுவை எழுதுவதும் பெரும்பாலும் செயலாளர் வேலை. மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தீர்மான நோட்டின் அருமை தெரியும். உதவித்தொகை வரவில்லை என்று ஒரு மாணவர் தனியாகப் போய்ச் சொன்னால் ‘அடுத்த வாரம் வா’ என்பார்கள். இத்தனை பேருக்கு, இத்தனை மாதமாக வரவில்லை என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்தால் அவ்வளவு எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. கூட்டம் போட்டு, டீ குடித்துக் கலைவதற்குப் பேரவை எதற்கு?

பணத்துக்கும் கணக்கு உண்டு. லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன்படி ஒரு வேட்பாளர் ரூ.5,000-க்கு மேல் செலவு செய்யக் கூடாது. முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் கணக்கு கொடுக்க வேண்டும். கூலி வேலை செய்பவரின் பிள்ளையும் போட்டியிட இந்த வரம்பு உதவும்.

அதே பரிந்துரையில் இன்னொன்றும் இருக்கிறது. பல்கலைக்கழகம் ஒழுங்கு நடவடிக்கை எடுத்த மாணவர் போட்டியிட முடியாது. இது யாரைப் பாதிக்கும்? தட்டிக்கேட்பவரைத்தான். 2015-ல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் ரோஹித் வெமுலா உள்ளிட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர்களை விடுதியிலிருந்து நீக்கியது. நிர்வாகக் கட்டடத்துக்கும் பொது இடங்களுக்கும் கூட்டாக வரக் கூடாது, மாணவர் தேர்தலில் பங்கேற்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2016 ஜனவரி 17-ல் ரோஹித் இறந்தார். ஏழு மாத ஆய்வு உதவித்தொகை வர வேண்டியிருக்கிறது என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார்.

எனவே, விசாரணை என்று அழைக்கப்படும் மாணவருடன் கூடப் போவதும், அவர் தரப்பைக் கேட்காமல் தண்டனை தராதீர்கள் என்று எழுத்தில் கேட்பதும் பேரவை நிர்வாகிகளின் முதல் கடமைகளில் ஒன்று. விடுதிச் சாப்பாடும் கலைவிழாவும் அதற்கு அடுத்துதான்.

தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் நேரடித் தேர்தல் நடப்பதில்லை. ஆனால் வகுப்புப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். சாதிப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கத் தனி அலுவலரை நியமிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதி வகுத்தது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார்? அறிவிப்புப் பலகையில் அவர் பெயர் இல்லையென்றால், பிரதிநிதி எழுத வேண்டிய முதல் மனு அதுதான்.