காவல் நாயின் வளர்ப்பும் குணதோஷங்களும்

தோட்டத்துக்கும் களத்துக்கும் தொழுவத்துக்கும் காவலாக ஒரு நாயேனும் இல்லாத குடியானவர் வீடு கிராமங்களில் அரிது. உழவு மாடு ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால் உடனே கவனிக்கும் குடியானவர், நாயின் தீனியையும் பழக்கத்தையும் பற்றிப் பெரும்பாலும் சிந்திப்பதில்லை. மிஞ்சிய சோற்றைப் போட்டு வாசலில் கட்டிவைத்தால் போதுமென்று எண்ணுகிறார். பிறகு அந்நாய் வழிப்போக்கரைக் கடிக்கிறது, அண்டை வீட்டுக் கோழியைப் பிடிக்கிறது, இரவெல்லாம் காரணமின்றிக் குரைக்கிறது என்று முறையிடுகிறார்.

நாயினிடத்தில் காணப்படும் குற்றங்கள் இருவகைப்படும். வளர்ப்பின் குறைவால் நாளடைவில் படிந்தவை ஒருவகை. வியாதியினால் புதிதாகத் தோன்றுபவை மற்றொருவகை. முன்னவற்றைப் பொறுமையினால் திருத்தலாம். பின்னவற்றை அதட்டித் திருத்த முயல்வது சில சமயங்களில் உயிருக்கே ஆபத்தாக முடியும். இவ்விரண்டையும் பிரித்தறிவது நாய் வளர்ப்போர் ஒவ்வொருவருக்கும் அவசியமாகும்.

நாட்டு ஜாதிகள்

தென் மாவட்டங்களில் காவலுக்கும் வேட்டைக்கும் ஏற்ற நாட்டு ஜாதிகள் நெடுங்காலமாக வளர்க்கப்பட்டு வருகின்றன. வெண்ணிறமுள்ள இராஜபாளையம் நாய் காவலுக்குப் பெயர் பெற்றது. 2005-ம் வருஷத்தில் இந்திய அஞ்சல் இலாகா நாய் ஜாதிகளுக்காக வெளியிட்ட முத்திரைகளுள் இதற்கும் ஒன்று உண்டு. தேனி மாவட்டத்துக் கோம்பை என்னும் ஊரின் பெயரால் வழங்கும் கோம்பை நாய், செம்பழுப்பு நிறமும் கறுத்த முகவாயும் உடையது. இதுவும் காவலுக்கு உகந்தது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லிய உடலும் நீண்ட கால்களும் உடையவை. முயலைத் துரத்திப் பிடிக்கும் வேகத்துக்காகவே வளர்க்கப்பட்டவை. ஓட்டத்துக்கென்று பிறந்த இவற்றை நாள் முழுவதும் கட்டிவைப்பவர், அவை குணங்கெட்டுப் போவதைக் கண்டு வியப்படைய வேண்டியதில்லை.

இராஜபாளையம் குட்டிகளுள் சில பிறவியிலேயே காது கேளாதவையாக இருப்பதுண்டு. குட்டியை வாங்குமுன், அது பாராத வேளையில் பின்னால் நின்று கை தட்டிச் சோதித்துக்கொள்வது உசிதம். காது கேளாத நாய், ஆள் அருகில் வருவதை அறியாமல் திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும்.

குட்டிப் பருவம்

ஏழெட்டு வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் விளையாடும்பொழுதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அது கற்றுக்கொள்கிறது. பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய மூன்று மாதம் வரையில் உள்ள காலம், அதன் ஆயுள் முழுவதுக்கும் அஸ்திவாரம் போன்றது. அக்காலத்தில் குழந்தைகள், முதியோர், மாடு, ஆடு, கோழி, வண்டி ஆகிய யாவற்றையும் அச்சமின்றிக் காணும்படி பழக்க வேண்டும். இருட்டறையில் தனியே அடைத்து வளர்த்த குட்டி காவலில் சிறக்கும் என்பது தவறான எண்ணம். அது அச்சத்தினால் எல்லோரையும் கடிக்குமேயன்றி, வேண்டியவர் வேண்டாதவர் என்று பிரித்தறியாது.

உணவும் இருப்பிடமும்

வளரும் குட்டிக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு முறையும், வளர்ந்த நாய்க்கு இருமுறையும், குறித்த வேளையில் உணவளிக்க வேண்டும். வெறுஞ்சோறு போதாது. வேகவைத்த கம்பு, சோளம் அல்லது அரிசியோடு முட்டை, மாமிசம், மீன் இவற்றுள் ஒன்றைச் சேர்ப்பது நலம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். சமைத்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கக்கூடும். ஆடு மாடு அறுத்த இடத்தில் கழித்துப்போட்ட ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகப் போடலாகாது. அவற்றிலுள்ள நீர்க்கட்டிகளினால் நாயின் குடலில் ஒருவகை நாடாப்புழு உண்டாகும். அதன் முட்டைகள் நாயின் மலத்தின் வழியாக வெளிவந்து, மனிதருக்கும் ஆடு மாடுகளுக்கும் அதே நீர்க்கட்டி நோயைத் தருகின்றன. குடற்புழு மருந்தையும் உண்ணி நீக்கும் மருந்தையும் கால்நடை வைத்தியரின் யோசனைப்படி தவறாமல் கொடுத்துவர வேண்டும்.

நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைப்பதனாலேயே அது பெரும்பாலும் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆதலால் கோடையில் நிழலும் தண்ணீரும் எப்பொழுதும் இருக்க வேண்டும். மிகக் குட்டையான அல்லது மிகப் பளுவான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், எப்பொழுதும் கட்டியே வைத்திருக்கும் நாயைச் சிறிதும் நடமாட விடாதிருப்பதும், 1960-ம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

தீய பழக்கங்களும் அவற்றைத் திருத்தும் வழியும்

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்னும் பழமொழியை நாயின் குணத்துக்கும் ஏற்றிச் சொல்வது பொருந்தாது. ஓயாமல் குரைக்கும் நாய் பெரும்பாலும் நடமாட்டமும் வேலையும் இல்லாத நாயாகும். காலையிலும் மாலையிலும் எஜமானர் வயலைச் சுற்றிவரும்பொழுது உடன் அழைத்துச் சென்றால், சில வாரங்களில் குறை தணியும். கோழியையும் ஆட்டையும் துரத்தும் நாயைக் கயிற்றில் பிடித்தவாறு அவற்றின் நடுவே நாள்தோறும் நிறுத்தி, அமைதியாக இருக்கும்பொழுது ஒரு துண்டு உணவு கொடுத்துப் பழக்க வேண்டும். குற்றம் செய்து நெடுநேரம் கழித்து அடிப்பதில் பிரயோஜனமில்லை. எதற்காக அடிபடுகிறோம் என்பதை நாய் அறியாது. எஜமானரின் கையைக் கண்டு அஞ்சுவதையே கற்றுக்கொள்ளும்.

உணவுத் தட்டின் அருகில் யார் வந்தாலும் உறுமும் நாயை, உண்ணும்பொழுது தொந்தரவு செய்யாமல் விடுவதே நலம். குழந்தைகளை அதனருகில் விடலாகாது. சிறுவர் ‘சூ’ என்று ஏவி வழிப்போக்கர்மேல் நாயை விட்டு வேடிக்கை பார்ப்பதை வீட்டார் கண்டிக்க வேண்டும். ஊர் சுற்றும் ஆண் நாய்க்கு, காளைக்குச் செய்வது போலவே கால்நடை வைத்தியரிடம் காயடிப்பித்தால், அலைச்சலும் சண்டையும் குறையும். பெண் நாய்க்குக் கருத்தடைச் சிகிச்சை செய்வித்தால், வேண்டாத குட்டிகள் தெருவில் பெருகுவது நிற்கும். வயது முதிர்ந்த நாய் தொட்டவுடன் சீறுமாயின், காதுப்புண், பல்வலி, மூட்டுவலி போன்ற உபாதைகள் உண்டா என்று சோதிப்பிக்க வேண்டும்.

திடீரென்று மாறும் குணம்

மேற்கூறியவை சிறிது சிறிதாகப் படிந்த பழக்கங்கள். சாதுவாக இருந்த நாய் இரண்டொரு நாளில் வேறு நாய் போல் ஆகிவிடுமாயின், வெறிநோய் என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்நோய் கண்ட நாய் கல்லையும் கட்டையையும் கடிக்கும். குரல் மாறி ஊளையிடும். நோக்கமின்றி வெகுதூரம் ஓடும். வாயிலிருந்து எச்சில் வடியும். வேறு சில நாய்கள் சீறாமல் இருட்டு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், தாடை தொங்கும், விழுங்க முடியாது. எலும்பு சிக்கியதென்று எண்ணி அதன் வாயில் கையை விடுவோர் உண்டு. அவ்வாறு செய்வது மிகவும் அபாயகரமானது. தண்ணீர் குடிக்கும் நாய்க்கு வெறி இல்லை என்பதும் பிசகு. தண்ணீரைக் கண்டு அஞ்சுதல் இந்நோய் கண்ட மனிதரிடம் தோன்றும் குறியாகும். வெறிநாய் தண்ணீரருகே செல்வதுண்டு.

வெறிநாய் கடித்த மாடும் இந்நோயை அடையும். அது ஓயாமல் கதறும், எச்சில் ஒழுக்கும், முக்கும், தீனியை விழுங்க முடியாமல் தவிக்கும். தொண்டையில் ஏதோ அடைத்ததென்று வெறுங்கையை நுழைக்காமல், உடனே கால்நடை வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும். சந்தேகமுள்ள மாட்டின் பாலை உபயோகிக்கலாகாது.

கடிபட்டோர் செய்ய வேண்டியவை

நாய் கடித்தாலும் பிறாண்டினாலும், புண்ணின்மேல் நாயின் எச்சில் பட்டாலும், முதல் வேலை கழுவுவதே. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, எண்ணெய் இவற்றைத் தடவுவதும், சூடு போடுவதும், மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டுக் காத்திருப்பதும் கேடாக முடியும். கழுவியபின் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நோய்க்குறிகள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் தோன்றும். சிலருக்கு அதற்கு முன்னும் பின்னும் தோன்றுவதுண்டு. தோன்றிய பின்னர் பிழைப்பது அரிதினும் அரிது. தோன்றுமுன் முறைப்படி ஊசி போட்டுக்கொண்டவர் காப்பாற்றப்படுகிறார். கடி ஆழமாயின், புண்ணிலேயே செலுத்தும் எதிர்ப்புச் சீரமும் வேண்டும்.

பாஸ்டர் 1885-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இத்தடுப்பு மருந்தைச் செலுத்தினார். தென்னிந்தியாவுக்கென 1907-ம் வருஷத்தில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றிற்று. வயிற்றில் பல நாள் தொடர்ந்து போட்ட பழைய ஊசி இப்பொழுது இல்லை. கையில் போடும் புதிய ஊசி, தோலினுள் போடுவதாயின் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று கணக்கிட்டுப் போடப்படுகிறது. முதல் ஊசி போடும் நாளையே பூஜ்ய நாளாகக் கொள்ள வேண்டும். புண் ஆறிவிட்டதென்று நடுவில் நிறுத்துவது கூடாது. கடித்த நாயைக் கொல்லாமல், பாதுகாப்பாகக் கட்ட இயலுமாயின் கட்டிவைத்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும். அது வரையில் ஊசியைத் தள்ளிப்போடலாகாது.

ஊரார் கடமை

குட்டிக்கு மூன்றாவது மாதத்தில் வெறிநோய்த் தடுப்பு ஊசி போட்டு, பிறகு வைத்தியர் குறிக்கும் கெடுவில் மீண்டும் போட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஓர் ஊரிலுள்ள நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் ஊசி போடப்பட்டால், நோய் நாய்க்கு நாய் பரவுவது தடைப்படும். தன் வீட்டு நாய்க்கு மட்டும் போட்டுவிட்டு அமைதியடைவது போதாது. தெரு நாய்களைக் கொல்வது சட்டத்துக்கு விரோதமாவதோடு பயனும் தராது. கொன்ற இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய்கள் வந்து சேரும். ஆதலால் கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் ஊரிலுள்ள நாய்களைக் கணக்கெடுத்து, கால்நடை மருந்தகத்தாருடன் கலந்து ஒரு நாளைக் குறித்து, தண்டோரா மூலமாக அறிவித்து, எல்லா நாய்களுக்கும் ஒருங்கே ஊசி போடுவிப்பார்களாயின், அது ஊருக்குச் செய்யும் பேருதவியாகும். ஊசி போட்ட நாயின் கழுத்தில் பட்டை கட்டிவைத்தால், விடுபட்டவை எவை என்பது எளிதில் தெரியும்.

இரவில் ஊர் உறங்கும்பொழுது விழித்திருக்கும் பிராணி நாய். அதற்கு வேளைக்கு உணவும், நாள்தோறும் நடமாட்டமும், ஆண்டுக்கு ஒரு முறை ஊசியும் அளிப்பவருக்கு அது நல்ல காவலாக இருக்கும். அளிக்கத் தவறுபவருக்கும் அவர் அண்டை வீட்டாருக்கும் அதுவே அபாயமாக முடியும்.