ஒவ்வொரு மணிக்கும் ஒரு நிறம்

ஊதா, இளஞ்சிவப்பு, பச்சை, வானநீலம் என்று பாசிமணி கோத்ததுபோல ஒரே கதிரில் அத்தனை நிறங்கள். 2012-ல் ஃபேஸ்புக்கில் அந்த மக்காச்சோளப் படம் பரவியபோது, கணினி வேலையோ என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. படம் நிஜம். அந்தச் சோளத்தின் பெயர் ‘கிளாஸ் ஜெம்’.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து விவசாயி கார்ல் பார்ன்ஸ் உருவாக்கிய ரகம் அது. செரோக்கி பழங்குடி வழிவந்த அவர், தன் வேர்களைத் தேடித்தான் பழைய சோளங்களைப் பயிரிடத் தொடங்கினார். விதைக்க விதைக்க, தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட மூதாதை ரகங்கள் தலைகாட்டின. அவற்றைப் பிரித்தெடுத்து, அந்தந்தப் பழங்குடிப் பெரியவர்களுக்கே விதையாகத் திருப்பிக் கொடுத்தார். அவருடைய பணியில் என்னை அதிகம் நெகிழவைப்பது இதுதான். நிறம் மிகுந்த கதிர்களைத் தேர்ந்து தேர்ந்து விதைத்ததில் வந்தது கிளாஸ் ஜெம். 1994-ல் அவரைச் சந்தித்த விதை ஆர்வலர் கிரெக் ஷோன் அந்த விதையை வாங்கிச்சென்று நியூ மெக்சிகோவில் பெருக்கினார். பிறகு அது அரிசோனாவின் டூசான் நகர விதை வங்கி வழியாக உலகமெங்கும் போனது. பார்ன்ஸ் 2016-ல் காலமானார்.

இத்தனை நிறம் எப்படி? கதிர் நுனியில் தொங்கும் நூல் ஒன்றை விரலில் எடுத்துப் பாருங்கள். லேசாகப் பிசுபிசுக்கும், உற்றுப் பார்த்தால் பூனைமுடி தெரியும். அந்த ஒரு நூல், உள்ளே ஒரே ஒரு மணிக்கு உரியது. செடியின் உச்சியிலுள்ள ஆண் பூவிலிருந்து உதிரும் மகரந்தத் தூள் அதில் ஒட்டி, நூலின் வழியே உள்ளே இறங்கினால்தான் அந்த மணி பிடிக்கும். ஆகவே ஒரே கதிரின் மணிகளுக்குத் தகப்பன் செடிகள் வேறு வேறாக இருக்கலாம். தோலுக்கு அடியிலுள்ள மெல்லிய படலத்தில் ஊறும் நிறமும் மணிக்கு மணி மாறுகிறது. சோள மணிகளின் புள்ளிகளையும் திட்டுகளையும் ஆராய்ந்துதான் மரபியலாளர் பார்பரா மெக்லின்டாக் இடம்மாறும் மரபணுக்களைக் கண்டறிந்தார். 1983-ல் நோபல் பரிசும் பெற்றார்.

மகரந்தம் காற்றில் போவதால், வேலியோரம் ஒற்றை வரிசையாக நட்டால் பொக்கைக் கதிர்தான் கிடைக்கும். நாலு வரிசை, வரிசைக்கு நாலு செடியாவது சதுரமாக நடுங்கள். ஓரங்குல ஆழம், செடிக்குச் செடி சுமார் ஓரடி. நல்ல வெயிலும் தொழுவுரமும் தாராளமாக வேண்டும். பக்கத்தில் ஸ்வீட் கார்ன் இருந்தால், இரண்டு பூப்பும் ஒன்றாக வராதபடி மூன்று வாரமாவது தள்ளி விதையுங்கள். 2018 முதல் இந்தியாவில் படைப்புழுத் தொல்லை வேறு. குருத்தில் ஈரமான எச்சம் தெரிந்தால் அன்றைக்கே புழுவைப் பொறுக்கிவிடுங்கள்.

இது அவித்துத் தின்னும் சோளம் அல்ல. விதைத்து நாலு மாதம்போல ஆகும்வரை செடியிலேயே காயவிட்டு, பொரிக்கலாம், மாவாக்கலாம். பொரி என்னவோ வெள்ளைதான்!

விதைக்கு எடுக்கும்போது அழகான ஒரே கதிரோடு நின்றுவிடாதீர்கள். சில தலைமுறைக்குள் செடி குட்டையாகி, விளைச்சல் சுருங்கிவிடும். விதை பேணுபவர்கள் இருநூறு செடி வேண்டும் என்பார்கள். வீட்டுத்தோட்டத்துக்கு அது கட்டாது. அதே ரகம் வளர்க்கும் நாலைந்து வீட்டார் ஆண்டுதோறும் விதையைக் கலந்து பகிர்ந்துகொண்டால், சின்னத் தோட்டத்திலும் இந்தச் சோளம் தாக்குப்பிடிக்கும்.