தண்ணீர் உறைந்தது! ஊரே திரண்டது!

வாய் பேசாத ஓவியர் தீட்டிய பனிக்காலப் படம்

பெரிய நீர்நிலை ஒன்று. தண்ணீர் கல் போல உறைந்து கிடக்கிறது. அதன் மேல் ஊரே இறங்கி நிற்கிறது!

காலில் சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு சிலர் வழுக்கிப் போகிறார்கள். சிலர் வளைந்த கழியால் பந்து அடிக்கிறார்கள். பகட்டாக உடுத்த சீமாட்டிகள் ஒரு பக்கம், கந்தல் உடுத்த ஏழைகள் ஒரு பக்கம். கால் இடறி விழுந்தவர்களும் உண்டு. ஒதுக்குப்புறமாகக் குந்தியிருக்கும் ஆசாமியைக் கூட ஓவியர் விட்டுவைக்கவில்லை!

இந்த எண்ணெய் வண்ண ஓவியம் நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில், ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. தீட்டப்பட்டது சுமார் 1608-ம் ஆண்டில். நீளம் ஏறக்குறைய 4¼ அடி. உயரம் 2½ அடி. அந்தப் பலகைக்குள் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்கள்!

இவ்வளவு இரைச்சலான கூட்டத்தைத் தீட்டியவருக்குப் பேச்சு வராது. காதும் கேட்காது என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள்.

அவர் பெயர் ஹெண்ட்ரிக் ஆவர்காம்ப். 1585-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். மறு ஆண்டே குடும்பம் காம்பன் என்ற ஊருக்குக் குடியேறியது. அங்கே தகப்பனார் மருந்துக் கடைக்காரர். "காம்பன் ஊர் ஊமை" என்றே ஊரார் மகனை அழைத்தார்கள்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் குளிர் மிகவும் கடுமை. அதிலும் 1607-ன் கடைசியில் தொடங்கிய குளிர்காலம் பொல்லாதது. ஓடங்கள் பனிக்கட்டியில் சிக்கி நின்றன. பனிக்கட்டியே தெருவாயிற்று, அதுவே விளையாட்டு மைதானமும் ஆயிற்று.

கூட்டத்தை அடைத்தது எப்படி?

தரையில் நின்று பார்த்தால் முன்னால் நிற்பவர் பின்னால் நிற்பவரை மறைப்பார். ஆகவே, மாடியிலிருந்து கீழே பார்ப்பது போல ஆவர்காம்ப் படத்தை அமைத்தார். அடிவானம் மேலே ஏறியது. பனித்தரை அகன்றது. எல்லோருக்கும் இடம் கிடைத்தது!

பனி என்றால் வெள்ளை பூசினால் போதுமா? போதாது. சாம்பல், வெளிர் மஞ்சள், மங்கல் நீலம் எல்லாம் அதில் உண்டு. அருகில் நிற்பவர்களுக்குக் கறுப்பும் சிவப்புமாக அழுத்தமான உடைகள். தூரத்தில் போகிறவர்கள் எறும்பு போலச் சிறுத்து, மூடுபனியில் மங்கிவிடுகிறார்கள். வானம் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

எண்ணெய் வண்ணம் சீக்கிரம் உலராது. ஓடுகிற கூட்டமோ நிற்காது! அதனால் மனிதர்களை முதலில் தாளில் வரைந்து வைத்துக்கொள்வார். பிறகு வீட்டில் உட்கார்ந்து, வேண்டியவரை வேண்டிய இடத்தில் சேர்ப்பார். ஒரே மனிதர் இரண்டு படங்களில் தலைகாட்டுவதும் உண்டு.

வேடிக்கை மட்டுமல்ல. படத்தின் இடது மூலையைப் பாருங்கள். பழைய கதவு ஒன்றைக் குச்சியில் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அது பறவைப் பொறி! இரை தேடி வரும் பறவையின் மேல் கதவு விழும். பக்கத்திலேயே ஒரு நாய், செத்த மிருகத்தைக் கடித்துத் தின்கிறது. அந்தக் குளிரில் பசியும் இருந்தது.

வலப்புறத்தில் ஒரு மரக் கொட்டகை. அதன் சுவரில், யாரோ கிறுக்கி வைத்தது போல ஓவியரின் பெயர்!

தாயின் கவலை

ஆவர்காம்ப் மணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய படங்களை மக்கள் விரும்பி வாங்கினார்கள். ஆனாலும் தாய் மனம் ஆறவில்லை. 1633-ல் உயில் எழுதியபோது, வாய் பேசாத தம் மூத்த மகனுக்குக் குடும்பச் சொத்திலிருந்து ஆண்டுதோறும் 100 கில்டர் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். கில்டர் என்பது அந்நாட்டின் அந்தக் கால நாணயம்.

அந்த ஆண்டு முடிவில் தாயார் காலமானார். அடுத்த மே மாதமே மகனும் இறந்தார். காம்பன் ஊரிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.