தாயகம் திரும்பியோர் (இலங்கை மலையகம்)

தாயகம் திரும்பியோர் என்பது, இலங்கையின் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்து, இந்திய – இலங்கை ஒப்பந்தங்களின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட இந்திய வம்சாவளித் தமிழரைக் குறிக்கும் அரசு வழக்காகும். இவர்களுள் பெரும்பாலோர் இலங்கையில் பிறந்தவர்கள். இந்தியாவை முன்பு கண்டிராதவர்கள். ஆகவே ஏட்டில் இது திரும்புதல் என்று எழுதப்பட்டாலும், நடைமுறையில் புதிய நாடு ஒன்றில் குடியேறுவதாகவே இருந்தது. 1960களின் பிற்பகுதி முதல் 1980களின் நடுப்பகுதி வரை சுமார் 4.6 லட்சம் பேர் இவ்வாறு வந்தனர்.

பின்னணி

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் முதலில் காப்பிக்கும், காப்பிச் செடியை இலைநோய் அழித்தபின் தேயிலைக்கும் தமிழக மாவட்டங்களிலிருந்து ஆள் திரட்டினர். கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று குடும்பங்களை அழைத்துச் சென்றனர். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து சென்றோர் மிகுதி.

இலங்கை விடுதலை பெற்றதும் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் இவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டிலேயே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோர் எண்ணிக்கையை 9,75,000 எனக் கணக்கிட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பது என்று 1974இல் முடிவு செய்யப்பட்டது. யாருடைய எண்ணிக்கை பேசப்பட்டதோ அந்த மக்களின் பிரதிநிதிகள் இந்தப் பேச்சுகளில் ஒப்பந்தத் தரப்பாக இல்லை.

பயணமும் குடும்ப அட்டையும்

கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குடும்ப அட்டை ஒன்றை வழங்கியது. குடும்ப உறுப்பினர் பெயர்களும் கிடைக்கவிருந்த மறுவாழ்வுத் திட்டமும் அதில் குறிக்கப்பட்டிருந்தன. மலையகத்திலிருந்து ரயிலில் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்கும் வந்து, மண்டபம் முகாமில் தங்கிய பின் ஒதுக்கப்பட்ட ஊர்களுக்குச் சென்றனர். ஒரே குடும்பத்தில் சிலருக்கு இலங்கைக் குடியுரிமையும் சிலருக்கு இந்தியக் குடியுரிமையும் கிடைத்ததால் பெற்றோரும் பிள்ளைகளும், அண்ணன் தம்பிகளும் பிரிய நேர்ந்தது. இவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மலையக மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்று இன்றும் நினைவுகூர்வர். கோச்சி என்பது இலங்கை வழக்கில் ரயிலைக் குறிக்கும் சொல்.

மண்டபம் முகாமுக்கு ஒரு முன்கதை உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்க ஆங்கிலேயர் காலத்தில் அமைக்கப்பட்ட இடம் அது. பாட்டன் முப்பாட்டன் போன வழியிலேயே பேரர்கள் திரும்பி வந்தனர்.

அன்றாட வாழ்வில் நேர்ந்த மாற்றம்

தோட்ட வாழ்க்கை கடினமானது. ஆனால் அதன் தேவைகள் யாவும் ஒரே வேலியினுள் அடங்கியிருந்தன. குடியிருக்க லயம், குழந்தையை விட்டுச்செல்லப் பிள்ளைக் காம்பிரா, மருந்துக்குத் தோட்ட மருந்தகம், சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் அரிசியும் மாவும் என எல்லாவற்றையும் தோட்ட நிர்வாகமே, தரம் குறைவாக இருந்தாலும், வழங்கியது. பிரட்டுக் களத்தில் பேர் பதிந்தால் அன்றைய வேலை உறுதி.

இந்தியாவில் இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடிப் பெற வேண்டியிருந்தது. ரேஷன் கார்டுக்கு ஓர் அலுவலகம், சாதிச் சான்றுக்கு இன்னோர் அலுவலகம், கடனுக்கு வங்கி, பிள்ளையைச் சேர்க்கப் பள்ளி என ஓரிடத்தில் கிடைத்தவை பல இடங்களுக்குப் பிரிந்தன. ஒவ்வோர் இடத்திலும் முகவரியும் ஒரு காகிதமும் கேட்கப்பட்டன. பூர்வீக ஊரில் உறவு அறுந்துபோனவர்களுக்குச் சாதிச் சான்றுக்குச் சாட்சி சொல்ல ஆள் கிடைப்பதே அரிதாயிற்று. குடும்ப அட்டை பலருக்கு வெகுகாலம் ஒரே அடையாளச் சான்றாக இருந்தது. அதைத் தொலைத்தவர்களும், கடனுக்காக அடகு வைத்தவர்களும் பெரிதும் அல்லலுற்றனர்.

பேச்சிலும் உணவிலும் வேறுபாடு தெரிந்தது. தேநீரைத் ‘தேத்தண்ணி’ என்றும், ரயிலைக் ‘கோச்சி’ என்றும் சொல்லும் பேச்சு இவர்களை உடனே இனங்காட்டியது. கோதுமை மாவு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தொடர்ந்து அவர்கள் வீட்டு உணவாக இருந்தன. இலங்கையில் ‘இந்தியாக்காரர்’, ‘கள்ளத்தோணி’ என்று ஒதுக்கப்பட்டவர்கள், இங்கு ‘சிலோன்காரர்’ ஆயினர்.

மறுவாழ்வுத் திட்டங்கள்

1. வணிகக் கடன்: பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட்டது இதுவே. கடை வைக்க ரூ. 5,000 வரை கடன் தரப்பட்டது. கொழுந்து பறிப்பதிலும் கவ்வாத்து வெட்டுவதிலும் தேர்ந்தவர்களுக்கு வணிகப் பழக்கம் இல்லை. வறண்ட கிராமங்களில் திறந்த சிறு கடைகளில் பல விரைவில் மூடப்பட்டன. முதல் தீர்ந்தபின் கடன் மட்டும் எஞ்சியது.

2. தேயிலைத் தோட்ட வேலை: இவர்களுக்கென்றே 1968இல் தமிழ்நாடு வனத்துறையின் கீழ் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. 1976இல் இது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் (டான்டீ) என்னும் நிறுவனமாயிற்று. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர், வால்பாறைப் பகுதிகளில் அதன் தோட்டங்கள் உள்ளன.

3. பிற வேலைகள்: நூற்பாலைகளிலும், கேரளம், கர்நாடகம், அந்தமான் ஆகிய இடங்களின் ரப்பர்த் தோட்டங்களிலும் சிலருக்கு வேலை கிடைத்தது.

4. கூட்டுறவு நிதி: 1969இல் சென்னையில் தாயகம் திரும்பியோருக்கான ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது.

இதே காலத்தில் பர்மாவிலிருந்து வந்தோருடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அவர்களுள் வணிகப் பழக்கமுடையோர் பலர் இருந்தனர். நகரங்களில் அவர்களுக்குக் கடைவீதிகள் அமைந்தன. சென்னையின் பர்மா பஜார் அதற்குச் சான்று. தெரிந்த தொழிலும் சந்தையும் ஒன்றுசேர்ந்த இடத்தில் குடியேற்றம் நிலைத்தது.

இரண்டாவது இடப்பெயர்வு

சமவெளியில் கடை நடத்த இயலாத குடும்பங்கள், பழகிய குளிரையும் தேயிலையையும் தேடி நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் சென்றன. கொடைக்கானல் பகுதியில் மரம் வெட்டும் வேலையில் முன்பணம் பெற்றுச் சிக்கி, கொத்தடிமைகளானவர்களும் உண்டு. நீலகிரியில் தனியார் தோட்டக் கூலிகளாகவும் காய்கறித் தோட்ட வேலையாட்களாகவும் பலர் நிலைகொண்டனர். அங்கே உறவினரும் ஒரே தோட்டத்து மக்களும் அருகருகே குடியேறினர். புதிதாக வந்தவருக்கு வேலை சொல்வதும், மனு எழுதித் தருவதும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிடுவதும் முன்னே வந்தவர்களின் பணியாயிற்று. அரசுத் திட்டங்கள் எட்டாத இடங்களில் இந்த உறவுத் துணையே குடும்பங்களைத் தாங்கியது.

தொடரும் சிக்கல்கள்

வீடு: டான்டீ குடியிருப்பு வேலையோடு இணைந்தது. பணி ஓய்வு பெற்றவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இலங்கை லயத்தில் இருந்த அதே நிலை இங்கும் தொடர்ந்தது. தோட்ட நிலங்களில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பி ஒப்படைக்க 2022இல் அரசு முடிவு செய்தபோது இக்கவலை மேலும் கூடியது.

பட்டா: கூடலூர்ப் பகுதியில் பலர் குடியேறிய நிலங்கள், 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் கீழ் உரிமை முடிவாகாதவை. பட்டா இல்லாததால் மின் இணைப்பு பெறுவதும் கடினமாயிற்று.

குடியுரிமை: 1984இல் உள்நாட்டுப் போரினால் கப்பல் போக்குவரத்து நின்றது. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்த குடும்பங்கள் பல இலங்கையிலேயே தங்கின. கலவரங்களுக்குத் தப்பிப் படகில் வந்த மலையகத் தமிழர் அகதிகளாகவே பதியப்பட்டு, தமிழக முகாம்களில் வாழ்கின்றனர். இத்தகையோர் தொடுத்த வழக்கில், அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு 2019 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஒரே தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர் குடிமகனாகவும், சில ஆண்டுகள் கழித்துப் படகில் வந்தவர் அகதியாகவும் இருப்பது இதனால் நேர்ந்த முரண்பாடாகும்.

இலங்கையில் தங்கியோருள் நாடற்றவராக எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்தது.

மதிப்பீடு

ஒப்பந்தங்கள் ஆட்களை எண்ணிக்கையாகப் பிரித்தன. கடன் திட்டம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தொகையை நிர்ணயித்தது. ஆனால் குடியேற்றம் நிலைபெற்றது பணத்தால் மட்டும் அன்று. கைக்குப் பழகிய வேலையும் அருகில் உறவும் இருந்த இடங்களிலேயே மக்கள் ஊன்றினர். அவ்விடங்களிலும், வேலை முடிந்த பின் குடியிருக்கச் சொந்த வீடும், காலடி மண்ணுக்குப் பட்டாவும் கிடைக்காதவர்களுக்கு மறுவாழ்வு இன்னும் முழுமை பெறவில்லை.