உள்ளத்தை நோக்கும் உள்ளம்

புறப்பொருள்களை ஆராயும் அறிவு மாந்தர்க்கு எளிதில் கைவருகின்றது. தம் உள்ளத்தில் எழும் எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் எழும்போதே அறியும் அறிவோ அரிதாகவே வாய்க்கின்றது. சினம் தணிந்த பின்னரே 'சினந்தோம்' என உணர்வது பெரும்பாலார் இயல்பு. சினம் தோன்றும்பொழுதே அதனைச் சினமென்று கண்டுகொள்ளும் பயிற்சியைப் பௌத்தர் 'சதிபட்டானம்' என்பர். உடல், நுகர்ச்சி, உள்ளநிலை, உள்ளத்துட் புகும் பொருள்கள் ஆகிய நான்கினையும் விழிப்புடன் நோக்குதலே அது.

இதனை மேலைநாட்டார்க்கு விளக்கியோருள் தலையாய ஒருவரின் வாழ்வில் ஊவா மலைநாட்டுக்கும் இடமுண்டு. ஜேர்மனியில் யூதக் குடும்பத்தில் 1901இல் பிறந்த ஞானபொனிக்க தேரர், 1936இல் இலங்கை வந்து துறவு பூண்டார். 1939இல் உலகப்போர் மூண்டதும், ஜேர்மானியர் என்னும் காரணத்தாற் பிரித்தானிய ஆட்சியினர் அவரைப் பதுளை மாவட்டத்துத் தியத்தலாவை முகாமில் தடுத்து வைத்தனர். யூதரென்று பிறந்த நாடு பகைத்தது. ஜேர்மானியரென்று புகுந்த நாடு சிறையிட்டது. பின்னர் இந்தியாவின் தேராதூனுக்கு அனுப்பப்பெற்று, 1946 வரை காவலிலேயே இருந்தார். அக்காலத்தில் சுத்தநிபாதம் முதலிய பாளி நூல்களைத் தம் தாய்மொழியிற் பெயர்த்ததோடு, சதிபட்டானம் பற்றிய பகுதிகளையும் திரட்டினார். இப்பொருள் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1954இல் கொழும்பில் வெளிவந்து, பின்னர் உலகெங்கும் பரவிற்று.

இப்பயிற்சியின் நுட்பம் தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலை கூறும் பன்னிரு சார்புகளுள் 'நுகர்வு' என்பதனை அடுத்து நிற்பது 'வேட்கை'. அதனை அடுத்தது 'பற்று'. இன்பமோ துன்பமோ நுகரப்படுதலைத் தடுத்தல் இயலாது. ஆயின் நுகர்வு வேட்கையாகவோ வெறுப்பாகவோ மாறுமுன் சிறிது இடைவெளி உண்டு. விழிப்பு நிற்கவேண்டிய இடம் அவ்விடைவெளியே.

தேர்வு மண்டபத்தில் வினாத்தாளைக் கண்டு அஞ்சும் மாணவனைக் கருதுக. நெஞ்சு படபடத்தல் உடலின் நிகழ்ச்சி, அது இன்னாததாகத் தோன்றுதல் நுகர்ச்சி, அச்சம் உள்ளநிலை, 'தோற்றுவிடுவேன்' என்பது உள்ளத்துட் புகுந்த எண்ணம். நான்கும் ஒன்றாய்த் திரண்டு நிற்கும்வரை அச்சம் மலைபோலத் தோன்றும். வேறு வேறாகக் கண்டவிடத்து, 'தோற்றுவிடுவேன்' என்பது நிகழ்ந்த செய்தியன்று, வந்துபோகும் ஓர் எண்ணமே என்பது புலனாகும். அச்சத்தை அடக்குதலும் வேண்டா. அதன் பின்னே ஓடுதலும் வேண்டா. பெயரிட்டு நோக்குதலே போதும்.

இதற்குத் தனியிடம் வேண்டுமென்பாரும் உளர். பதுளை, மொனராகலைத் தோட்டங்களில், நெருங்கிய லயன் அறைகளில் வாழும் குடும்பங்கட்குத் தனிமை ஏது? முகாமில் அடைபட்டிருந்த தேரர்க்கும் அது எளிதாய் வாய்த்திராது. மூச்சும் நடையும் உள்ள இடமெல்லாம் பயிற்சிக்குரிய இடமே.

எனினும், உழைப்புக்கேற்ற கூலி பெறாதானை நோக்கி 'உன் உள்ளத்தை நோக்கி அமைதி கொள்' என்பது இப்பயிற்சியைப் பழுதாக்குவதாகும். விழிப்பு, குறையைக் குறையென்றே காட்டும். அதனைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாது. சினத்தால் அலைப்புண்டு கேட்பவனினும், தன் சினத்தை அறிந்து கேட்பவன் உரிமையைத் தெளிவாகக் கேட்பான். உள்ளத்தை நோக்குதல் உலகை மறத்தலன்று; உலகினுள் விழித்து நிற்றலேயாம்.