திருகோணமலையில் கமராவைத் திறக்கப் போகிறீர்களா? இதெல்லாம் தெரியுமா?

பாரிஸில் காசு கொடுத்துப் படம் பார்க்க வந்த கூட்டத்துக்கு முதலில் காட்டிய படம் எது தெரியுமா? ஒரு தொழிற்சாலையின் வாசல்! 1895இல் லூமியேர் சகோதரர்கள் புதுக் கமராவைத் தூக்கிக்கொண்டு அரண்மனை தேடிப் போகவில்லை. லியோன் நகரில் புகைப்படத் தகடு செய்யும் தங்கள் சொந்த ஆலைக்கு எதிரே அதை வைத்தார்கள். கதவு திறக்கிறது, வேலை முடிந்த பெண்கள் வெளியே வருகிறார்கள், ஆண்கள் சைக்கிளில் வருகிறார்கள், இடையில் ஒரு நாய் ஓடுகிறது. ஐம்பது செக்கனுக்குள் படம் முடிந்துவிடும். அதைப் பார்க்கத்தான் அந்த ஆண்டு டிசம்பர் 28ஆம் திகதி சனம் உட்கார்ந்திருந்தது!

ஒரே தடவையில் எடுத்து முடித்தார்களா என்றால், அதுவும் இல்லை. மூன்று பதிப்புகள் இன்றும் இருக்கின்றன. ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டி, இன்னொன்றில் இரட்டைக் குதிரை, மூன்றாவதில் குதிரையே இல்லை. படம் பிறந்த காலத்திலேயே திரும்ப எடுக்கும் பழக்கமும் பிறந்துவிட்டது.

மூதூரில் அரிசி ஆலை நடத்துகிறவரும் உப்புவெளியில் நாலு அறை விடுதி வைத்திருக்கிறவரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "வீடியோவில எதைக் காட்டிறது?" உங்கள் ஆலை வாசலைக் காட்டுங்கள்! நெல் மூட்டை இறங்குவதை, உமி பறப்பதை, புது அரிசி கையில் விழுவதைக் காட்டுங்கள். உங்களுக்கு அது தினமும் பார்த்துச் சலித்த காட்சி. கொழும்பில் இருந்து பார்ப்பவருக்கு அது அதிசயம்.

சரி, உலகின் முதல் விளம்பரப் படங்களில் ஒன்று எந்தப் பொருளுக்கு எடுக்கப்பட்டது தெரியுமா? சன்லைட் சவர்க்காரத்துக்கு! 1896இல் சுவிற்சர்லாந்தில் எடுத்தார்கள். சில பெண்கள் துணி துவைக்கிறார்கள், சட்டகத்துக்குள்ளே சவர்க்காரப் பெட்டிகள் இருக்கின்றன. பெட்டியின் பெயரைக் கத்திச் சொல்ல அன்றைக்குப் படத்தில் ஒலியே கிடையாது. பொருள் வேலை செய்வதைக் காட்டினார்கள், பெயர் கண்ணில் பட்டது, போதுமாக இருந்தது. நம் கிணற்றடிகளில் இன்றும் தெரியும் அதே சன்லைட்தான்!

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நின்று சொல்கிறேன். இலங்கையில் எடுக்கப்பட்ட படங்களில் உலகம் இன்றும் பாடமாகப் படிக்கும் ஒன்று 'சோங் ஒஃப் சிலோன்'. 1934இல் பசில் ரைட் இயக்கியது. காசு கொடுத்தது யார்? இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை! அதாவது அது ஒரு வணிக வீடியோ. முதலில் கேட்டது நான்கு சின்னச் சுற்றுலாப் படங்கள். கிடைத்ததோ நான்கு பாகமாக, நாற்பது நிமிடம் அளவில் ஒரே படம். "எங்கள் தேயிலையை வாங்குங்கள்" என்று அது ஓரிடத்திலும் இரக்கவில்லை. மலையேறும் யாத்திரிகரைக் காட்டுகிறது, கொழுந்து பறிக்கும் கைகளைக் காட்டுகிறது, அந்தக் கைகளின் மேலே சந்தை விலை சொல்லும் குரல்களை ஓடவிடுகிறது. 1935இல் பிரசல்ஸ் விழாவில் முதற்பரிசு!

அந்தப் படத்துக்கும் நம் திருமலைத் துறைமுகத்துக்கும் உள்ள தொடுப்பு தெரியுமா? படத்தின் பின்னணி வாசகங்கள் றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்தவை. நொக்ஸ் யார்? பாய்மரம் முறிந்த கப்பலைத் திருத்துவதற்காகத் தகப்பனாரோடு கொட்டியாரக்குடாவுக்குள் வந்து, 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்ட இளைஞன். மூதூர்க் கரையில் பிடிபட்டவன் ஏறக்குறைய இருபது ஆண்டு இந்த நாட்டுக்குள் சிறையிருந்து, 1679இல் தப்பி, கண்டதையெல்லாம் எழுதினான். அந்த எழுத்தை 250 ஆண்டு கழித்துப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் தன் குரலில் வாசிக்க, அது தேயிலைப் படத்தின் உயிரானது! மூதூரில் பஸ் ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். பசில் ரைட் இங்கே எடுத்தது வெறும் காட்சி. குரல், இசை, ஓசை எல்லாவற்றையும் பின்னர் லண்டன் கலையகத்தில் சேர்த்தார்கள். காட்சியையும் ஒலியையும் ஒரே நேரத்தில் பிடிக்கத்தான் வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை! உங்கள் விடுதியைக் காலையில் படம் பிடியுங்கள், உங்கள் குரலை இரவில் அமைதியான அறையில் தனியாகப் பதிந்து மேலே ஒட்டுங்கள். கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் எடிட்டிங் செயலிகளே இதற்குப் போதும்.

ஏன் தனியாகப் பதிய வேண்டும் என்கிறேன்? கச்சான் காற்று! மே தொடங்கி ஓகஸ்ட் வரை, அதாவது வெளிநாட்டுக்காரர் நிறைந்திருக்கும் அதே பருவத்தில், தரைப் பக்கமிருந்து அது அடித்துக்கொண்டே இருக்கும். கடல் தட்டையாகக் கிடக்கும், படம் அழகாக வரும், போட்டுக் கேட்டால் 'புர்ர்ர்' என்ற இரைச்சல் மட்டும்தான் இருக்கும். இந்தக் கணக்கைப் பாருங்கள்: ஒலியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிராகக் குறையும். பேசுகிறவரிடமிருந்து இரண்டு மீற்றர் தள்ளி நிற்கும் போனுக்குப் போகும் குரலைவிட, இருபது சென்றிமீற்றரில் சட்டையில் குத்திய சின்ன மைக்குக்குப் போகும் குரலின் செறிவு நூறு மடங்கு! நூறு! மைக்கின் தலையில் ஒரு பஞ்சுறையோ மயிருறையோ மாட்டினால் காற்றின் பெரும்பகுதியும் அடங்கிவிடும். புதிதாக வீடியோ எடுக்க வருகிறவர் காசை முதலில் கமராவில் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது. மைக்கில் போடுங்கள். கலங்கிய படத்தைச் சனம் பொறுத்துக்கொள்ளும், புரியாத பேச்சைப் பொறுக்காது. ஊரில் ஒலிப்பதிவுக்கு நல்ல இடம் எது என்று கேட்டால், புடவைக் கடை! அடுக்கிய துணி எதிரொலியை விழுங்கிவிடும்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். திருமலை நகரம் இரண்டு கடலுக்கு நடுவில் இருக்கிறது என்பதை ஒரு படப்பிடிப்புக்காரரின் கண்ணால் நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா? டச்சுக்குடாப் பக்கம் சூரியன் கடலில் இருந்து எழும்பும். நகரத்தைக் குறுக்கே நடந்து உள்துறைமுகப் பக்கம் வந்தால் அதே சூரியன் தண்ணீருக்கு அப்பால் மலைகளுக்குள் இறங்கும். காலைப் பொன்வெளிச்சமும் மாலைப் பொன்வெளிச்சமும், இரண்டுக்கும் நீர்ப் பின்னணியும், எல்லாம் நடை தூரத்தில்! எத்தனை கடற்கரை நகரங்களுக்கு இது வாய்க்கும்?

ஆனால் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அங்கே கடல் கிழக்கே. காலையில் விருந்தாளியைக் கடலுக்கு முன்னால் நிறுத்தினால் சூரியன் அவருக்குப் பின்னால் நிற்கும், முகம் கறுத்துவிடும். அதே இடத்தில் மாலை நாலரைக்குப் பிறகு நிறுத்திப் பாருங்கள். வெளிச்சம் தரைப் பக்கமிருந்து நேரே முகத்தில் விழும், பின்னால் கடல் நீலமாக விரிந்திருக்கும். சூரிய உதயத்தை மட்டும் தனியாக எடுங்கள், ஆட்களை மாலையில் எடுங்கள்.

நண்பகலில் எடுக்கலாமா? சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் திருமலையில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, தெரியுமா? ஏப்ரல் 12 அளவில் பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் நட்டுவைத்த கம்பத்துக்கு நிழலே விழாது! ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை இதே அதிசயம் நடக்கும். வானியலுக்கு விருந்து, முகங்களுக்கு ஆபத்து: புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். புத்தாண்டு விற்பனைக்கு விளம்பரம் எடுக்கிற கடைக்காரரெல்லாம் சரியாக அந்த வெயிலில்தான் ஆட்களை வெளியே நிறுத்துகிறார்கள்! கடை விறாந்தைக்குள் ஓரடி தள்ளி நில்லுங்கள். வெயில் பட்ட முற்றமே முகத்துக்கு விளக்காகிவிடும்.

கடைக்குள்ளே எடுத்த வீடியோவில் விளக்குகள் துடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? போன் பழுதென்று கடைக்குக் கொண்டு ஓட வேண்டாம். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் பல குழல் விளக்குகளும் மலிவான எல்ஈடி விளக்குகளும் செக்கனுக்கு 100 தடவை துடிக்கின்றன. நம் கண் அதைக் காணாது. ஆனால் போன்கள் பெரும்பாலும் செக்கனுக்கு 30 படம் என்ற கணக்கில் எடுக்கின்றன, அது 60 ஹேர்ட்ஸ் ஓடும் அமெரிக்காவுக்கு ஒத்துவரும் கணக்கு. அமைப்புக்குள் போய் 25க்கு மாற்றுங்கள். ஷட்டரைக் கையால் மாற்ற முடிந்தால் ஐம்பதில் ஒரு செக்கன் அல்லது நூறில் ஒரு செக்கன் வையுங்கள். துடிப்பு மாயமாகிவிடும்!

இப்போது கடலுக்குள் இறங்குவோம். 1956இல் கோணேசர் மலையடிக் கடலில் முக்குளித்துப் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டவர்களில் ஒருவர் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். அவர் கூட்டாளி மைக் வில்சன். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கற்களை அவர்கள் தண்ணீருக்கடியில் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் வில்சன் அதே திருமலைக் கடலுக்குள் கமராவோடு இறங்கி 'ரன்முத்து தூவ' படத்தின் கடலடிக் காட்சிகளை எடுத்தார். 1962இல் வெளிவந்த அதுதான் முதலாவது முழுநீளச் சிங்கள வண்ணப்படம்! தொலைக்காட்சிச் சமிக்ஞைகளை இன்று உலகெங்கும் எறிகிற செய்மதிகள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றரில் நிற்கலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவரும் இதே கிளார்க்தான். வானத்துக்கும் கடலடிக்கும் ஒரே ஆள்!

புறாமலைப் பவளப்பாறைகளைக் காட்டி வாடிக்கையாளரைப் பிடிக்க நினைக்கும் படகுக்காரரே, உங்கள் வீடியோவில் எல்லாம் ஏன் நீலமும் பச்சையுமாக வருகிறது தெரியுமா? தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் குடிக்கிறது. ஐந்தாறு மீற்றருக்குள்ளேயே சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். எடிட்டிங்கில் சிவப்பைக் கூட்டலாம், ஆனால் வந்து சேராத நிறத்தை அங்கே உண்டாக்க முடியாது. ஆழம் குறைந்த இடத்தில், சூரியன் உயர்ந்து நிற்கும் நேரத்தில், பொருளுக்குக் கிட்டப் போய் எடுங்கள். நண்பகல் வெயில் உதவி செய்கிற ஒரே இடம் இதுதான்! கரையேறியதும் லென்சைத் துணியால் தேய்க்காதீர்கள். உப்புக் கல் கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், பிறகு துடையுங்கள்.

திமிங்கிலத்தை மறந்துவிடுவேனா! துறைமுக வாயிலிலிருந்தே ஒரு பெரும் கடலடிப் பள்ளத்தாக்கு இறங்கிப் போவதால்தான் ஆழ்கடல் விலங்குகள் இவ்வளவு கரைக்குக் கிட்ட வருகின்றன. 1980களின் தொடக்கத்தில் திமிங்கில ஆராய்ச்சியாளர் ஹல் வைட்ஹெட் 'ரியூலிப்' என்ற பாய்ப்படகில் வந்து இந்தக் கடலில் எண்ணெய்த் திமிங்கிலங்களை ஆராய்ந்தார். உங்கள் வீடியோவில் வந்தது எது என்று மூச்சைப் பார்த்தே சொல்லலாம், தெரியுமா? நீலத் திமிங்கிலத்தின் மூச்சு நேரே மேலே ஒன்பது மீற்றர் வரை எழும்பும். எண்ணெய்த் திமிங்கிலத்தின் மூச்சுத்துளை தலையின் இடப்பக்கத்தில் இருப்பதால் அதன் மூச்சு முன்னோக்கி இடப்புறமாகச் சரிந்து போகும்! வாலின் அடிப்புறத்தில் உள்ள வடுக்களும் வெட்டுகளும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. ஆகவே மூச்சு விட்டு வால் தூக்கும்வரை கமராவை நிறுத்தாதீர்கள். அந்த ஐந்து செக்கன் உங்கள் விளம்பரத்துக்கும் ஆகும், ஆராய்ச்சிக்காரருக்கும் ஆகும். சட்டம் குறித்த தூரத்துக்கு உள்ளே மட்டும் படகை விடாதீர்கள். துரத்துகிற வீடியோ உங்கள் பெயருக்குத்தான் கேடு.

ட்ரோன் பறக்கவிட ஆசையா? சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். இங்கேயோ ஒருபுறம் கடற்படைத் தளம், மறுபுறம் சீனக்குடா விமானத்தளம், முதலில் கேட்டுவிட்டுப் பறக்கவிடுங்கள். பின்னணிக்குப் பிடித்த சினிமாப் பாட்டைப் போடலாமா? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாட்டுக்காரரின் உரிமையைக் காக்கிறது. உரிமம் பெற்ற இசையைப் போடுங்கள், இல்லையென்றால் கரைவலை இழுக்கிறவர்களின் குரலை அவர்களிடம் கேட்டுப் பதிந்து போடுங்கள். எனக்குக் கேட்டால் பின்னதுதான் அழகு.

முதல் தொலைக்காட்சி விளம்பரத்துக்கு ஆன செலவு தெரியுமா? 1941 ஜூலை 1ஆம் திகதி நியூயோர்க்கில் பூலோவா மணிக்கூட்டுக் கம்பனி கொடுத்தது ஒன்பது டொலர்! ஒரு நாட்டு வரைபடம், ஒரு மணிக்கூடு, ஒரு குரல், அவ்வளவுதான். சின்ன வீடியோ என்று வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, பஸ்ஸிலும் ஆசுபத்திரி வரிசையிலும் ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர் ஏராளம். திருமலைக் கடைக்கு வருகிறவர்களோ தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் பேசுகிறவர்கள். ஒரே படத்தை வைத்து மூன்று மொழியில் மூன்று வரி எழுத்து ஓடவிடலாம், திரும்பப் படம் எடுக்க வேண்டாம். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள், நீங்களே இரண்டு தரம் நிதானமாக வாசித்து முடிக்கும்வரை அது திரையில் நிற்கட்டும். தொலைபேசி இலக்கத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நிறுத்துங்கள், எழுதிக்கொள்கிறவர் பேனை தேட வேண்டும்.